இன்னும் ஒரு நிமிடம்

ஐந்தாண்டில் எங்கள் எம்.பி. எத்திராஜுலு
அவையில் பேசியது மொத்தம் நாற்பத்தொரு நிமிடம்.
கொருக்குப்பேட்டை கேட்
ஒரே காலையில் அதைவிட அதிகம் மூடிக்கிடக்கும்.

தேசிய மின்கொள்கை விவாதம்.
இரவு மணி பதினொன்று தாண்டிவிட்டது.
கடைசி வரிசை, தூணுக்குப் பக்கத்தில்,
கேமராவுக்குக் கிடைத்தது பாதித் தோள்.
"மாண்புமிகு சபாநாயகர் அவர்களே,
எண்ணூரில் வெள்ளைச் சட்டை காயப்போட்டால்
சாம்பல் சட்டையாக எடுக்கிறோம்."

மெகாவாட் பற்றிப் பேசுங்கள் என்றது ஒரு குரல்.
அவர் இறால் பற்றிப் பேசினார்.
கொசஸ்தலையாற்றில் முன்பு இவ்வளவு ஆழம் என்று
இடுப்பில் கை வைத்தார்.
இப்போது இவ்வளவு என்று குனிந்தார்,
முழங்காலை மேசை மறைத்துவிட்டது.
மணி அடித்தது.
இன்னும் ஒரு நிமிடம் ஐயா.
மைக் அணைந்தது.
உதடு மட்டும் கொஞ்ச தூரம் ஓடி நின்றது.

அவைக்குறிப்பில் அந்த இடத்தில்
(குறுக்கீடு) என்றிருக்கிறது.

காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் தேசப்பன்
ஈரக்கையோடு கைப்பேசியை நீட்டினான்:
"கட்சியா இன்னா சொல்றாருன்னு பாரேன்."
நாலு பேர் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம்.
பாலம் என்றான் அவன்.
பாவம் என்றாள் ஜெசிந்தா, நண்டைக் கட்டிக்கொண்டே.
எனக்கு இரண்டும் தெரியவில்லை.
நான் அவருக்கு ஓட்டும் போடவில்லை.

தண்டையார்பேட்டையில் ஒரு காதுகுத்து விழா.
பந்தியில் பக்கத்து இலை அவருடையது.
கேட்டேவிட்டேன்.
அப்பளத்தை நொறுக்கியபடி
நெடுநேரம் யோசித்தார்.
"ஞாபகம் இல்லப்பா.
தொண்டை வறண்டுபோச்சு.
தண்ணி கேட்டிருப்பேன்."