எந்தச் சங்கம்?

ஞாயிறு விடியலில், உடைந்த பாலத்தின் மேல்
நாங்கள் தூண்டிலோடு நிற்போம்,
அவர்கள் பைனாகுலரோடு.
நடுவில் இருபதடி.
மூன்று வருடமாக ஒரு வணக்கம் கிடையாது.

கொடுவாவைப் பிடித்து, படமெடுத்து,
திரும்ப ஆற்றில் விடுகிற எங்களை
ஹெப்சிபா மேடத்துக்குப் பிடிக்காது.
"கொன்னு தின்னாலாவது அர்த்தம் இருக்கு"
காற்றிடம் சொல்வதுபோல் ஒருமுறை சொன்னார்.

பிறகு அந்த உள்ளான் வந்தது, நொண்டிக்கொண்டு.
காலில் பச்சை நரம்பு, முப்பத்தஞ்சு நம்பர்.
என் பையிலும் அதே சுருள்.
நான் அதைச் சொல்லவில்லை.
அவர் பறவையைப் பிடித்துக்கொள்ள
சாதிக் கத்தரியை நீட்ட
நான்தான் அறுத்தேன்.

அவரிடம் பதினொரு வருடக் கணக்கு இருந்தது:
எந்த மாதம் எத்தனை ஆலா, எத்தனை உள்ளான்.
சாதிக்கிடம் ஒரு டைரி,
மீனின் நீளம், ஓதம், அன்றைய தண்ணீரின் நாற்றம்.
டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம்.
மணல் முகத்துவாரத்தை அடைத்த வருடங்களில்
அங்கேயும் காலி
இங்கேயும் காலி.

மனு எழுத ஏழு வாரம் ஆனது.
எதிர்முள் இல்லாத கொக்கிதான் என்றார்,
முட்டையிடும் மாதங்களில் தூண்டிலே கூடாது என்றார்.
எங்களில் இரண்டு பேர் குழுவை விட்டுப் போனார்கள்.
அவர்களிலும் ஒருவர்,
கொக்கி போடுகிறவனோடு ஒரே மேசையா என்று.

சீனிவாசபுரத்து எத்திராசு முழுவதும் படித்தார்.
வலையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார்.
"நீங்க விளையாட்டுக்குப் புடிக்கிறீங்க,
அவங்க ஆசைக்கு எண்ணுறாங்க.
சோத்துக்குப் புடிக்கிறவன் கையெழுத்து எங்க?"

மறுபடி நான்கு வாரம்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மின்விசிறி மட்டும்
தடையில்லாமல் பேசிக்கொண்டிருந்தது.
படிவத்தில் அமைப்பின் பெயருக்கு ஒரே ஒரு கோடு.
"எந்தச் சங்கம்?" என்றார் எழுத்தர், தலை நிமிராமல்.
மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.
எத்திராசுதான் சொன்னார்:
"ஆத்து வாய்னு எழுதிக்கோ சார்."
எழுதிக்கொண்டார்.
முத்திரை பாதிதான் பதிந்தது.

பதில் வரவில்லை இன்னும்.
முகத்துவாரத்தில் மணல் அப்படியே கிடக்கிறது.
நேற்று ஞாயிறு.
ஹெப்சிபா மேடம் ஃபிளாஸ்க்கோடு வந்து
என்னிடமிருந்து பத்தடி தள்ளி நின்றார்.
தூண்டிலைப் பின்னால் வீச
அவ்வளவு இடம் வேண்டும்
என்பது இப்போது அவருக்குத் தெரியும்.