புள்ளிக்கோடு

'சாம்பல் ஆந்தை', பதினேழாம் இதழ்,
விலை எழுபத்தைந்து காசு.
இருபத்து மூன்றாம் பக்கத்தின் மூலையில்
புள்ளிபுள்ளியாய் ஒரு கட்டம்,
பக்கத்தில் குட்டிக் கத்தரிக்கோல் படம்,
'இங்கே வெட்டவும்.'
பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்டார்கள்.
அதனால்தான் இன்றைக்கு முழு இதழ்
நாலே நாலு.

ஒன்று கோவையில் ஒரு பல் மருத்துவரிடம்.
ஒன்று மஸ்கட்டில்.
ஒன்று பாகப்பிரிவினை வழக்கில் சிக்கி
வக்கீல் பீரோவில்.
நாலாவதை வைத்திருப்பதாகச் சொல்பவர்
யாருக்கும் காட்டியதில்லை.

ஓட்டை விழுந்தது நாலாயிரம்.
ஓட்டை இல்லாதது போன தையில்
எண்பதாயிரத்துக்குக் கைமாறியது.
இடையில் நிற்கும் எழுபத்தாறாயிரம்
ஒரு தீப்பெட்டி அகலக் காகிதம்.
அம்மை போட்டுப் படுத்திருந்த பிள்ளையோ
தபால்தலைக்குக் காசு கிடைக்காத பிள்ளையோ
வெட்டாமல் விட்டதற்கு
வட்டி ஏறிக்கொண்டே போகிறது.

பதினெட்டாம் இதழ் அச்சேறவே இல்லை.
அதற்கும் ஒருவர் முன்பணம் கட்டியிருக்கிறார்.

காட்டன்பேட்டையில் அந்த அச்சகம் இருந்த இடத்தில்
இப்போது பிளைவுட் கடை.
கணக்கெழுதியவரின் மகள் ஃபிலோமினா
காக்ஸ் டவுனில் இருந்து கூப்பிட்டார்:
ஒரு பிஸ்கட் டப்பா,
நிறைய வெட்டிய துண்டுகள்.
"டப்பா எனக்கு வேணும், ரவை கொட்டி வைக்க.
உள்ள இருக்கறத எடுத்துக்குங்க."
இரண்டாயிரம் கொடுத்தேன்.
கூடக் கொடுத்தால் அவருக்குச் சந்தேகம் வரும்,
குறைத்தால் எனக்குத் தூக்கம் போகும்.
தூக்கம் எப்படியும் போனது.

சிவாஜிநகர் அன்வர் பாட்சா போனில் சொன்னார்:
"ஒட்டுறது என் பொறுப்பு.
ஜப்பான் பேப்பர், கோதுமைப் பசை,
பூதக்கண்ணாடி வச்சாலும் தெரியாது.
உங்க ஓட்டைக்குப் பொருந்துற துண்டு கெடைக்கட்டும்,
ஆளுக்குப் பாதி."

அல்சூரில் என் ஒற்றை அறை,
மின்விசிறியை நிறுத்திவிட்டு
தரையில் பரப்பினேன். நானூற்றுப் பன்னிரண்டு.
பின்பக்கம் ஆந்தையின் பாதிச் சிறகு.
முன்பக்கம் பெயர், ஊர்,
'ஆந்தை சாவியை எங்கே ஒளித்தது?'
கிணற்றில்.
போலீஸ்காரர் தொப்பிக்குள்.
எங்கள் ஹெட்மாஸ்டர் வீட்டில், சத்தியமாக.
மாரிகுப்பத்தில் இருந்து ஒருவன்
ஒன்பது துண்டு அனுப்பியிருக்கிறான், ஒன்பது விடை.
ஒன்பது இதழைக் குதறியிருக்கிறான், படுபாவி.
சரியான விடை அடுத்த இதழில்,
முதல் பரிசு சைக்கிள்.
யாரும் ஓட்டாத அந்தச் சைக்கிள்
இரவெல்லாம் அறைக்குள் சுற்றியது.

என் பிரதியின் ஓட்டை நேராக இருக்காது.
மூன்று பக்கம் புள்ளி தப்பாமல் வந்து
நாலாவதில் சட்டென்று சறுக்கும்,
வெட்டும்போது யாரோ கூப்பிட்டதைப் போல.
ஒவ்வொன்றாய் வைத்தேன், எடுத்தேன்.
விடிகாலை பால் வண்டிச் சத்தத்தோடு
முந்நூற்று ஏழாவது
இறங்கி உட்கார்ந்தது.
மயிரிழை இடைவெளி இல்லை.

ஞா. ரோஸ்லின் எஸ்தர்,
ஐந்தாம் வகுப்பு பி,
சாம்பியன் ரீஃப், தங்கவயல்.
பென்சிலை நக்கி நக்கி எழுதிய எழுத்து,
கோட்டுக்குள் அடங்காமல் ஓரமெல்லாம் ஏறி:

'சாவி ஆந்தையிடம் இல்லை சார்.
உங்களிடம்தான் இருக்கிறது.
இப்போதே கொடுத்துவிட்டால்
அடுத்த மாதம் நான் வாங்க மாட்டேன் அல்லவா.'

எட்டு மணிக்கு அன்வர் பாட்சா:
"கெடச்சுதா?"
துண்டு என் உள்ளங்கையில்,
வியர்வை படாமல் விரல் விரித்து வைத்திருந்தேன்.
"இன்னும் நூத்தஞ்சு பாக்கி இருக்கு பாய்.
கெடைக்கும்னு தோணல."
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"சரி, எனக்கு நாப்பது போதும்," என்றார்,
"உங்களுக்கு அறுபது."