மாவுக் கணக்கு

நாற்பத்து நாலு, மாசி மாதம்.
வாடிப்பட்டிக்கு வடக்கே மலை ஏறத் தொடங்கும் இடத்தில்
உண்ணிப்புதரை வெட்டி நூற்றுப்பத்துக் கூடாரம்.
பர்மாக் காட்டுக்குப் போகுமுன்
எங்கள் காட்டில் நடந்து பழக வந்த ஆப்பிரிக்கப் பட்டாளம்.
காதர் மீரா ராவுத்தருக்குக் கண்டிராக்ட்.
கணக்கு எழுத நான்:
மாதம் பதினெட்டு ரூபாய், செயின் கழலும் ஒரு சைக்கிள்.

சர்க்கார் அவர்களுக்கு அரிசி போட்டது.
அந்த வருஷம் எங்கள் தெருவில்
அரிசியைக் கனவில் பார்த்தவர்கள்கூட
விடிந்ததும் வெளியே சொல்வதில்லை.
அவர்களோ அதை வயிறு முட்டத் தின்றுவிட்டு
பசிக்கிறது என்றார்கள்.
மாவு வேண்டுமாம். மக்காச்சோளம்.
எங்களிடம் இருந்தது வெள்ளைச்சோளம்.
சரி என்றார்கள்.

அறுத்த எண்ணெய்ப் பீப்பாயில் உலை.
துடுப்பு மாதிரி ஒரு கட்டை.
மாவைத் தூவித் தூவிக் கிண்டி
ஈரக் கையில் ஒட்டாத பதம் வந்ததும்
'சீமா' என்றான் சமையல்கார ஜைலோசி.
'களி' என்றேன்.
ஆளுக்கு ஆள் மற்றவன் சொல்லைக் கெடுத்துக்கொண்டு
ஒரே உருண்டையைப் பிட்டோம்.
என் தூக்குச்சட்டிப் புளிக்குழம்பை நக்கிப் பார்த்து
ஒரு கண்ணை மூடினான்.
மறுநாளும் கேட்டான்.

காலை ஐந்தரைக்கு ஊதல்.
வரிசையில் மஞ்சள் மாத்திரை.
விழுங்கினானா என்று நாக்கைத் தூக்கச் சொல்லி
சார்ஜண்ட் துரை எட்டிப் பார்ப்பார்,
சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி.
அப்புறம் மூங்கில் காட்டுக்குள் போவார்கள்.
சாயங்காலம் அட்டைக்கடி ரத்தத்தோடு வந்து
பூட்ஸுகளைக் கம்பில் கவிழ்த்து மாட்டி
கந்தல் பந்தை உதைப்பார்கள்.
தோற்ற பக்கம் தண்ணீர் சுமக்கும்.
ஒன்பது மணிக்கு விளக்கு அணையும்.
அதற்குப் பிறகும் யாரோ இருமிக்கொண்டிருப்பார்கள்.

மூட்டைக்கு இரண்டு படி மணல்.
அது ராவுத்தரின் பழைய வழக்கம்.
ஒரு வெள்ளிக்கிழமை விறகு இறக்கப் போனவர்
அடுக்குக்குப் பின்னால்
சாக்கை விரித்துத் தொழுதுகொண்டிருந்த
சைதி இம்வாலாவைப் பார்த்தார்.
செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.
பிறகு அவன் பக்கத்தில் போய்க் குனிந்தார்.
அன்றிலிருந்து மூட்டையில் மணல் இல்லை.
பில்லில் மட்டும் இருந்தது.

கடிதத்தில் ஊர்ப்பெயர் எழுதக்கூடாது என்று உத்தரவு.
மழை பெய்தது என்று எழுதினாலும்
எந்த மழை என்று வெட்டிவிடுவார்கள்.
ஜைலோசியின் மனைவி பதில் போட்டிருந்தாளாம்,
எங்கேயோ என்கிற ஊரில்
சாப்பாடு எப்படி என்று.

கச்சாத்தில் 'இடம்' என்று ஒரு கட்டம் உண்டு.
அதை நானே நிரப்புவது வழக்கம்.
சித்திரை பிறந்து மூன்றாம் நாள்
பென்சிலை என் கையிலிருந்து வாங்கினான்.
மண்ணில் எழுதிக் காட்டச் சொன்னான்.
பார்த்துப் பார்த்து,
உதட்டைக் கடித்து,
நாலு எழுத்தில் ஒன்றை விட்டுவிட்டு எழுதினான்.
'ல' இல்லை.
'சிறுமை' என்று இருந்தது.
நான் திருத்தவில்லை.
ஏன் என்று அன்றைக்கும் தெரியாது.

மறுவாரம் கொடைரோட்டில் ராத்திரி ரயில்.
நான் பதினோரு மூட்டையோடு போனபோது
கூடாரம் இருந்த இடமெல்லாம்
சதுரம் சதுரமாய் வெளுத்த புல்.
ஒரு கம்பில் ஒற்றை பூட்ஸ்.
வண்டிக்காரன் அதைக் காலில் போட்டுப் பார்த்தான்.
பெரிது.

மாவை வாடிப்பட்டியிலேயே விற்றோம்.
மணல் இல்லாத மாவு என்று அடித்துப்பிடித்து வாங்கினார்கள்.

ஆனியில் மதராஸிலிருந்து கச்சாத்து திரும்பி வந்தது.
சிவப்பு மையில் யாரோ ஒரு கிளார்க்,
நம்மூர் எழுத்துதான்:
'அப்படி ஓர் ஊர் இல்லை. பணம் நிறுத்தம்.'

ராவுத்தர் என் சம்பளத்தில்
நாலு ரூபாய் பிடித்தார்.