பேர் இல்லை

சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை,
ஆகவே பாகுபாடும் இல்லை
என்றது தீர்ப்பு.
உண்மைதான். ஹட்டன் நூலகத்தில்
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து நானும் தேடினேன்.
ஓர் இனமும் அகப்படவில்லை.

கேட்டது இவ்வளவுதான்:
உன் அப்பன் எங்கே பிறந்தான்?
அவனைப் பெற்றவன்?

எங்கள் அப்பா அங்கமுத்து
பொகவந்தலாவையில், ஆறாம் நம்பர் லயத்தில் பிறந்தார்,
ஆடிக் காற்று தகரத்தைப் பிய்த்தெறிந்த அன்று.
அதற்கு ஒரே அத்தாட்சி செக்ரோலில் இருந்தது:
காத்தாயி, பேர் இல்லை.
கொழுந்துக்குப் போகாததால்
பெற்றவளுக்கு அன்றைக்குப் பேர் விழவில்லை.

அந்த வரியைப் பார்த்தெழுதி
வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு
கண்டிக்குப் போய்க் கொடுத்தாராம்.
கந்தோரில் யாரும் சிரிக்கக்கூட இல்லை.
நிராகரிப்பு. ஊதா முத்திரை.

எனக்கு அடையாள அட்டை உண்டு, வாக்கும் உண்டு.
வீட்டு நம்பர்தான் கிடையாது.
கடிதமெல்லாம் தோட்ட ஆபீஸ் மேசையில் படுத்துக் கிடந்து
யாராவது மேல்மலைக்கு ஏறினால் கூடவே வரும்.

காணி வழக்கு பதினோராம் திகதி.
நோட்டீஸ் கைக்கு வந்தது பத்தொன்பதில்.
ஓடினேன்.
பதிவாளர் ஏட்டைத் திருப்பிக் காட்டினார்,
நீல மையில் அழகான கையெழுத்து:
மனுதாரர் சமூகமளிக்கவில்லை.