நேர் பின்னால்

ஊருக்கு வரும்போதெல்லாம் தேசிங்கு அதையே கேட்கிறான்.
இந்த முறை தேவனாம்பட்டினம் கடற்கரையில்,
சுண்டல் பொட்டலத்தின் அடியை விரலால் துழாவிக்கொண்டு:
"நிஜமாவே பார்க்கலையாடா?"

பதினைந்து வருடமாகக் கேட்கிறான்.
முதலில் சிரித்துக்கொண்டு.
குடித்துவிட்டு ஒருமுறை.
செர்பியாவிலிருந்து போனில் ஒருமுறை, அங்கே பனி கொட்டியதாம்.
இப்போது
மாத்திரை போட்டாயா என்பதுபோல.

சென்னை, கடைசிச் சுற்று, எட்டாம் பலகை.
அவனுக்கு ஒரு ராஜா, ஒரு சிப்பாய்.
எனக்கு ராஜா மட்டும்.
நேர் பின்னால் ஒரு கட்டம் வைத்தால் டிரா.
மூலைவாக்கில் வைத்தால் தோல்வி.
திருப்பாதிரிப்புலியூரில் எந்த ஆறாம் வகுப்புப் பிள்ளையும்
பரோட்டா மென்றுகொண்டே சொல்லிவிடும்.

டிரா என்றால் மூன்றாவது நார்ம் இல்லை,
ஆறு வருடமாய் அரைப் புள்ளி, அரைப் புள்ளியாக
அவனிடமிருந்து நழுவிய நார்ம்.
அன்ரிசர்வ்டு பெட்டியில் கடிகாரத்தைத் துண்டில் சுற்றி
வயிற்றின் மேல் வைத்துத் தூங்குவான்.
அவன் அம்மாவின் சங்கிலி
இரண்டு முறை அடகுக்குப் போய்த் திரும்பியது.
மூன்றாம் முறை ரசீது மட்டும் இருந்தது.

என் ராஜா மூலைவாக்கில் போனது.

கை கொடுத்தான். கை ஈரமாக இருந்தது.
அவன் ஒன்றும் கேட்கவில்லை, அன்றைக்கு.

மஞ்சக்குப்பத்தில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள்.
குதிரையேறிய ராஜாவின் பெயர் கொண்டவனே என்று எழுதி,
பக்கத்தில் ஒரு சதுரங்கப் பலகை,
வலது கை மூலையில் கறுப்புக் கட்டத்தோடு.
நாங்கள் இரண்டு பேர்தான் அதைப் பார்த்துச் சிரித்தோம்.
குதிரை ஆட்டத்தில் அவன் எப்போதுமே சுமார்தான்.
அதற்குப் பிறகு அபுதாபி, புடாபெஸ்ட்,
பேர் வாயில் நுழையாத ஊர்களில் ஒன்பதாம் இடம், பதினோராம் இடம்,
நாலு வருடம் மேலே, பிறகு மெல்லமெல்லக் கீழே.
இப்போது விடிகாலை நாலு மணிக்கு எழுந்து
அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில்
நேர் பின்னால் போகச் சொல்லிக் கொடுக்கிறான்.

விட்டுக்கொடுத்தேன் என்றால்
அவன் பட்டம் நான் போட்ட பிச்சை.
பார்க்கவில்லை என்றால்
என் மூளை, அதை அவன் நம்பமாட்டான்.
இரண்டில் எதைச் சொன்னாலும் தூங்கிவிடுவான் என்று தோன்றும்.
இரண்டும் இல்லையே.

கோயம்பேட்டில் நாலே முக்காலுக்குப் பஸ்.
சிப்காட்டில் பத்து மணி ஷிஃப்ட், காண்ட்ராக்ட் ஆள் நான்,
ஏற்கெனவே இரண்டு ஆப்சென்ட்,
மூன்றாவதுக்கு கேட் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள்.
இவனைத் தெரியும் எனக்கு.
டிரா தர மாட்டான்.
சிப்பாயை அங்கேயே நிறுத்திவிட்டு
இன்னும் ஐம்பது நகர்த்தல் சுற்றிச்சுற்றி வருவான்,
ஒவ்வொன்றுக்கும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு.
மணி நாலு பத்து.
கட்டம் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது.
கை பஸ்ஸுக்குப் போனது.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கார்டு அடித்தேன்.
வால்வு திறந்து, அளவு எழுதி, வால்வு மூடி,
அந்தக் காரநெடியில் விடியும்வரை
ராஜாவை நேர் பின்னால் வைத்துவைத்துப் பார்த்தேன்.
டிராதான். ஒவ்வொரு முறையும் டிரா.

"பார்க்கலைடா" என்றேன், வழக்கம்போல.
பொட்டலத்தைக் கசக்கினான்.
முகம் தெளிந்ததா விழுந்ததா,
விளக்குக் கம்பம் எங்களுக்குப் பின்னால் இருந்தது.
அலை வந்து அவன் செருப்பில் ஒன்றை நகர்த்திவிட்டுப் போக
குனிந்து எடுத்தான்.

சாலைத் திருப்பத்தில் கடைசி டவுன் பஸ்ஸின் வெளிச்சம்.

"ஓடு" என்றான், நிமிராமல்,
"பஸ்ஸை விட்டுடப்போறே."

ஓடினேன்.