செம்போ பித்தளையோ

மாங்குளத்தில் பகல் இரண்டு மணி.
கழுவிய சோதனைக்குழாய்கள்
தலைகீழாய் வடிந்துகொண்டிருக்கின்றன.
யன்னலில் நான் ஒட்டிய கோபாற்றுக் குளோரைட்டுத் தாள்
ஆனியிலிருந்தே நீலம்.

பழைய இரும்பு ஏற்றும் செபமாலை
லாண்ட் மாஸ்ரரை வெயிலில் விட்டிட்டு வந்து
ஆய்வுகூட வாசலில் நின்றார்.
உரப்பையில் சுற்றிய துண்டொன்று, பச்சை பிடித்தது.
"பிள்ளை, இது செம்போ பித்தளையோ?
செம்பெண்டால் விலை வேற."
எங்கே எடுத்தது என்று நான் கேட்கவில்லை.
இந்தப் பக்கம் கிணறு வெட்டினால்
தண்ணீருக்கு முதல் வருவது இதுதான்.

அரத்தால் சுரண்டிய தூள் கொஞ்சம்,
செறிந்த நைத்திரிக்கமிலம்.
மண்ணிறப் புகை எழும்ப
குப்புறப் படுக்கக் குனிந்தவர்
பிறகு தானே சிரித்தார்.

நீர் விட்டேன். வெளிறிய நீலம்.
அமோனியா ஒரு துளி: திரண்டது.
இன்னும் நாலு துளி: திரண்டதெல்லாம் கரைந்து
கண்ணை இழுக்கும் கடும் நீலம்.
"செம்புதான்!" என்றார்.

பொறுங்கோ.
செம்பு அயனில் பத்து இருக்கை, ஒன்பது இலத்திரன்.
ஒரு வெற்றிடம் போதும்,
வெளிச்சம் வந்து ஒன்றை எழுப்பி மேலே ஏற்றிவிட.
கூலியாய்ச் சிவப்பு செலவாகும்.
நாங்கள் நீலம் நீலம் என்று பார்ப்பது
அது எடுக்காமல் விட்ட மிச்சம்.
நாகத்தில் பத்தும் நிறைந்திருக்கும்,
காலை ஏழு மணி முல்லைத்தீவு பஸ் மாதிரி.
அசைய இடமில்லை,
ஆகவே நிறமும் இல்லை.
இந்த நீலத்துக்குள்ளேயே அது நிற்கலாம்.
நீலம் சாட்சி சொல்லாது.

மிச்ச அமிலக் கரைசலுக்குள்
கூழ்முட்டை மணக்கும் வாயுவை விட்டேன்.
செம்பு கறுப்பாய் விழுந்தது.
வடிதாளுக்குக் கீழே வந்தது
வெறும் தண்ணீர் போல.
அவர் போக எழும்பினார்.
அமோனியா. திரும்பவும் அந்த வாயு.

வெள்ளை.
முதலில் புகார் மாதிரி,
பிறகு அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி,
பிறகு அடியில் படிந்து.

"பித்தளை" என்றேன்.
கிலோவுக்கு எவ்வளவு போச்சுது என்று
விரலில் எண்ணத் தொடங்கியவர் பாதியில் விட்டார்.
"இவ்வளவு நேரமும் உள்ளுக்கையே இருந்ததோ?"
"ஓம்."
"பார்க்கத் தெரியேல்லை."

லாண்ட் மாஸ்ரர் மூன்றாம் இழுவையில்தான் இயங்கியது.
அந்தக் குழாயை மட்டும் நான் கழுவவில்லை.
பின்னேரம் வடக்கே ஒரு முழக்கம்,
இடிதான்.
யன்னல் தாளின் ஒரு மூலை
றோசாவாகிக்கொண்டிருந்தது.