கண் மட்டம்

கம்பெனி கொடுத்த டேப்பில்
மூன்றரை அடியில் ஒரு கறுப்புக் கோடு,
நாலடியில் இன்னொன்று.
பலகை இரண்டுக்கும் நடுவே உட்கார வேண்டும்.
சேலம் ஓட்டலில் நடந்த பயிற்சியில்
இதற்குக் 'கண் மட்டம்' என்று பெயர் சொன்னார்கள்.
யாருடைய கண் என்று
நாற்பது பேரில் ஒருவரும் கேட்கவில்லை.
மதியம் மட்டன் பிரியாணி.

செவ்வாயும் வெள்ளியும் என் லைன்
பாலக்கோடு, வெள்ளிச்சந்தை, மாரண்டஅள்ளி.
தக்காளிச் சாறு சொட்டும் டெம்போக்களின் பின்னால்
முகர்ந்தபடி போகும் என் பைக்.
பையில் ஸ்க்ரூ டிரைவர், இருபக்கமும் ஒட்டும் டேப்,
கரண்ட் போனாலும் நாலு மணி நேரம் எரியும்
பேட்டரி விளக்கு.
பலகையில் பெயர் இருக்காது. பெயர் போட்டால் கேஸ்.
சிகரெட் படமும் இருக்காது.
வெறும் நிறம். பழுத்த மிளகாய்க்கும்
கல்யாண வீட்டு ரோஜாவுக்கும் இடைப்பட்ட
ஒரு சிவப்பு.
நிறத்தின் மேல் யார் கேஸ் போடுவார்கள்?

மாதம் பன்னிரண்டு கடை பிடிக்க வேண்டும்.
எந்தக் கடை என்று யாரும் சொல்வதில்லை.
ஐ.டி.ஐ. பக்கம், டியூஷன் சென்டர் பக்கம் போனால் மட்டும்
பாயின்ட் இரட்டிப்பாக ஏறும்.
காரணம் என்ற கட்டத்தில்
'ஜன நடமாட்டம்' என்றிருக்கும்.

தீர்த்தகிரி கடைக்கு நேர் எதிரில் அரசு மேல்நிலைப் பள்ளி.
இடையில் ஒரு சாக்கடை, ஒரு வேகத்தடை,
நூறு கஜத்துக்குள் விற்கக் கூடாதென்று
மஞ்சள் பெயின்ட்டில் எழுதிய சுவர்.
பலகையின் வெளிச்சம் அந்தச் சுவரில்தான் விழும்.
மாதம் அறுநூறு ரூபாய், பலகைக்கு வாடகை.
"கடைக்கு நான் குடுக்கறதுல பாதி, சார்,
சும்மா தொங்கறதுக்கு" என்று சிரிப்பார்.

தேன்மிட்டாய் பாட்டிலுக்கும் கடலை உருண்டைக்கும் நடுவே
பாக்கெட்டுகளை அடுக்கினேன்.
அட்டையிலிருந்த அழுகிய வாய்
உள்பக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்தது.
போட்டோ ஏற்றினால்தான் வேலை முடிந்த கணக்கு.
நின்றபடி எடுத்தேன்.
'இன்னும் கீழிருந்து' என்றது செயலி.
குனிந்து எடுத்தேன்.
'இன்னும் கீழிருந்து.'
முட்டி போட்டேன்.

முப்பத்திநாலு வயதில்
அந்த உயரத்திலிருந்து ஒரு கடையைப் பார்க்கிறேன்.
தராசு தெரியவில்லை. தீர்த்தகிரி தெரியவில்லை,
அவர் கைகள் மட்டும்.
விலைப்பட்டியல், சாமி படம், ஊதுபத்தி எல்லாம்
மேலே வேறொரு ஊரில் இருந்தன.
எதிரே, மூக்குக்கு நேராக,
மிட்டாய், நிறம், மிட்டாய்.

பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டை வந்து நின்றது.
என் முகமும் அவன் முகமும் ஏறக்குறைய ஒரே மட்டம்.
கழுத்து அட்டையில்: மா. லோகித், ஏழாம் வகுப்பு.
"சிவப்பு ஒண்ணு, புதினா மிட்டாய் ஒண்ணு."
பெயர் சொல்லவில்லை.
பெயர் அவனுக்குத் தேவைப்படவே இல்லை.
"அவங்கப்பாவுக்கு" என்றார் தீர்த்தகிரி,
நான் கேட்பதற்கு முன்பே.
மாதையனை எனக்குத் தெரியும்.
தக்காளி மண்டியில் பெட்டி தூக்குகிறவர்,
பீடியைத் தவிர வேறெதையும் பற்றவைக்காதவர்.
மிட்டாய் யாருக்கு என்று
நானும் கேட்கவில்லை.

எனக்கு முதலில் கிடைத்தது ஒரு தொப்பி.
காவேரிப்பட்டணம் கிரிக்கெட் டோர்னமென்ட்,
பவுண்டரிக்கு வெளியே பந்து பொறுக்கிப் போட்டதற்கு.
கொடுத்தவன் முகம் மறந்துவிட்டது.
தொப்பியின் நிறத்தை
இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன்,
ஒரு நாளைக்குப் பதினொன்று.

மறுபடி எடுத்தேன்.
'படத்தில் ஆள் இருக்கக் கூடாது.'
ஓரத்தில் அவன் காது விழுந்திருந்தது,
அதன் மேல் எண்ணெய் வைத்த கொஞ்சம் முடி.
அவன் உயரத்திலிருந்து வேண்டும்,
அவன் வேண்டாம்.
"தம்பி, கொஞ்சம் நகரு."
நகர்ந்தான். நல்ல பையன்.
ஏற்றுக்கொண்டது. ஐந்து நட்சத்திரம்.

நல்லம்பள்ளி வீட்டில் வண்டியை நிறுத்தும்போது
ராத்திரி எட்டரை.
பேன்ட்டின் இரண்டு முட்டியிலும்
வட்டமாகச் செம்மண்.
துவைக்க எடுத்தவள் கேட்டாள்:
"என்ன, பள்ளிக்கூடத்துல
முட்டி போட வெச்சிட்டாங்களா?"